கணக்கு வராத பிள்ளை உண்டா?

(உயர்நிலைப் பள்ளிக் கணிதமும் கற்பிக்கும் முறைகளும்)

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்) மாணவி

முன்னுரை

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது தமிழ் மரபு. வள்ளுவரும் ஔவையும் எழுத்துக்கு முன்னே எண்ணை வைத்தே பேசினர். ஆனால் இன்று பள்ளிப் பிள்ளைகள் மிகவும் அஞ்சும் பாடம் எது என்று கேட்டால், கணக்கு என்றே பெரும்பாலோர் விடை சொல்வர். ‘இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது’ என்னும் சொல்லைக் கேளாத தெரு எங்கள் பக்கத்தில் இல்லை.

என் ஊர் கூடங்குளம். கடற்கரையில் அணுமின் நிலையத்தின் கவிகைகள் எழுந்து நிற்கின்றன. 1988இல் இந்தியாவும் சோவியத்து நாடும் செய்துகொண்ட உடன்பாட்டின் பயனாக எழுந்த அந்நிலையத்தின் முதல் அலகு 2014ஆம் ஆண்டின் கடைசி நாளிலும், இரண்டாம் அலகு 2017இலும் வணிக முறையில் மின்சாரம் வழங்கத் தொடங்கின. ஒவ்வோர் அலகின் ஆற்றலும் 1000 மெகாவாட். ஊரைச் சுற்றிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. இவை யாவும் கணக்கின் மேல் நிற்பவை. ஆயினும் இவற்றைப் பார்த்துக்கொண்டே வளரும் பிள்ளைகளுள் சிலர், பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளோடு படிப்பை முடித்துக்கொள்கின்றனர். என் அண்ணன் அவர்களுள் ஒருவன்.

குறை பிள்ளையிடம் உள்ளதா? அன்றி, கற்பிக்கும் முறையில் உள்ளதா? இவ்வினாவை நான் கண்டதும் படித்ததும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அம்மாவின் கணக்கு

என் தாயார் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பீடி சுற்றுகிறார். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பேசப்படும். ஆயிரத்துக்கு 240 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் 650 பீடிதான் முடிந்தது. கூலி எவ்வளவு?

அம்மா தாளும் பேனாவும் தேட மாட்டார். ‘ஐந்நூறுக்கு 120. நூறுக்கு 24. ஐம்பதுக்கு 12. ஆக 156’ என்று இலையை வெட்டிக்கொண்டே சொல்லிவிடுவார். இதே கணக்கு எட்டாம் வகுப்பில் ‘நேர் விகிதம்’ என்னும் பெயரில் எனக்கு வந்தது. தெரியாத எண்ணுக்கு ஓர் எழுத்தை வைத்து, குறுக்கே பெருக்கி, வகுக்க வேண்டும். எதை எதனோடு பெருக்குவது என்று குழம்பி, 650 பீடிக்குக் கூலி இரண்டாயிரத்துக்கு மேல் வருமாறு விடை எழுதினேன். அந்த விடை நடக்கக்கூடியதா என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அது பீடி, இது கணக்கு. இரண்டும் வேறு வேறு என்றே நான் நினைத்திருந்தேன்.

இந்தப் பிளவு எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியது அன்று. பிரேசில் நாட்டின் ரெசிஃபெ நகரில் தெரேசினா நூனெஸ் முதலிய மூவர் ஓர் ஆய்வு நடத்தி, 1985இல் வெளியிட்டனர். தெருவில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து சிறுவரிடம், வாடிக்கையாளர் கேட்பது போலவே கணக்குகளைக் கேட்டனர். 98 விழுக்காடு சரியாக வந்தது. அதே வகைக் கணக்குகளை வாக்கியக் கணக்காகத் தந்தபோது 74 விழுக்காடும், வெறும் எண்களாகத் தந்தபோது 37 விழுக்காடுமே சரியாயின.

நம் நாட்டிலும் இத்தகைய ஆய்வு நடந்துள்ளது. 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரும் பிறரும் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1400க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து, 2025இல் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டனர். சந்தைக் கணக்கை மனத்திலேயே போட்ட பிள்ளைகள், பள்ளிப் பாடநூல் வடிவில் தந்த கணக்கில் தடுமாறினர். வேலைக்குப் போகாமல் பள்ளியில் மட்டும் பயின்ற பிள்ளைகளோ, பாடநூல் கணக்கில் தேறி, சந்தைக் கணக்கில் தடுமாறினர்.

இதிலிருந்து நாம் பெறும் உண்மை ஒன்று உண்டு. தெருவில் கணக்குத் தெரிந்தவன் பள்ளியில் தானாகவே தேறிவிடுவான் என்பதில்லை. பள்ளியில் தேறியவன் தெருவில் வெல்வான் என்பதும் இல்லை. இரு கரைகளுக்கும் நடுவே பாலம் ஒன்று வேண்டும். அதைக் கட்டுவதே கற்பித்தல்.

திண்ணையிலிருந்து வகுப்பறை வரை

மனப்பாடத்தையே எல்லாக் குறைகளுக்கும் காரணமாகச் சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. அதில் பாதி உண்மையே உள்ளது. பழைய திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை உரக்கச் சொல்லி நெட்டுருச் செய்தனர். முழு எண்ணோடு பின்னமும் அதில் அடங்கும். ஒரு முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. நான்கு முந்திரி ஒரு காணி. ஐந்து காணி ஒரு மாகாணி. இரண்டு மாகாணி ஓர் அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு. ஆனால் அப்பிள்ளை சொன்ன அளவுகள் நெல் அளக்கவும், நிலம் அளக்கவும், கூலி பகிரவும் அன்றாடம் வழங்கியவை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில்பாபு, இப்பள்ளிகளின் கணிதம் பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளார். அங்கு நினைவாற்றல் என்பது பொருளற்ற ஒப்பித்தல் அன்று, கற்கும் வழியாகவே இருந்தது என்பது அவர் ஆய்வில் விளங்கும் கருத்தாகும்.

வெளிநாட்டாரும் இம்முறையிலிருந்து கற்றனர். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். தேர்ந்த மாணவரைக் கொண்டு மற்ற மாணவருக்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் இதைப் பற்றி அவர் நூல் வெளியிட்டபின், இது ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு பல நாடுகளுக்குப் பரவியது. ஆகவே கற்பிக்கும் முறையில் புதுமை என்பது நமக்கு வெளியிலிருந்து மட்டும் வந்த சரக்கு அன்று.

பின்வந்த காலத்தில் நேர்ந்தது என்ன? ஒப்பித்தல் நின்றது, அதற்குப் பொருள் தந்த நெல்லும் நிலமும் வகுப்பறையை விட்டு வெளியேறின. அவ்விடத்தைப் பரீட்சை பிடித்துக்கொண்டது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் மொத்தம் 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. வடிவியலில் ஒன்றும் வரைபடத்தில் ஒன்றும் போட்டால் 16 கிடைக்கும். ஒரு மதிப்பெண் வினாக்களில் சில சேர்ந்தால் கரை சேரலாம். ‘கணக்கு வராது’ என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைக்குச் சொல்லித்தரப்படுவது இந்தக் கூட்டல் ஒன்றுதான். அது தேர்ச்சியைத் தரலாம்; கணிதத்தைத் தராது.

நான் கண்ட இரு முறைகள்

நான் பயின்ற வகுப்புகளில் இரு வேறு முறைகளைக் கண்டேன். முதல் முறையில் ஆசிரியர் கரும்பலகையில் கணக்கைப் போடுவார், நாங்கள் எழுதிக்கொள்வோம். ‘மைனஸ் மைனஸ் பிளஸ்’ என்று வகுப்பே பாடும். நானும் பாடினேன். தேர்வில் (−3) − 4 என்று வந்தது. இரண்டு மைனஸ் கண்ணில் பட்டன. பாட்டை நம்பி, விடை +7 என்று எழுதினேன். சிவப்பு மையில் ஒரு சுழியமும், வகுப்பின் முன் சில சொற்களும் கிடைத்தன. நான் ஏன் அப்படி எழுதினேன் என்று எவரும் கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு முடியும்வரை, கணக்கு மணி அடித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பத்தாம் வகுப்பில் வேறோர் ஆசிரியை வந்தார். அதே தவற்றை அவரிடமும் செய்தேன். அவர் விடையை அடிக்கவில்லை. “ஏம்மா, இந்த ஏழு எப்படி வந்துச்சு?” என்று கேட்டார். பாட்டைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“கடையில உனக்கு மூணு ரூபாய் கடன் இருக்கு. இன்னும் நாலு ரூபாய்க்குக் கடன் வாங்குற. இப்ப உன் கையில ஏழு ரூபாய் இருக்கா?”

“இல்ல டீச்சர், ஏழு ரூபாய் கடன்.”

“அப்ப அதை எழுது.”

பின்னர் அந்தப் பாட்டு எங்கே பொருந்தும் என்பதைக் காட்டினார். (−3) × 2 = −6; (−3) × 1 = −3; (−3) × 0 = 0. ஒவ்வொரு படியிலும் விடை மூன்று கூடுகிறது. அடுத்த படி (−3) × (−1). சுழியத்துக்கு மேல் மூன்று கூடினால் என்ன வரும் என்று எங்களையே கேட்டார். மூன்று என்றோம். அன்றுதான் அது பெருக்கலுக்கு உரிய விதி, கூட்டல் கழித்தலுக்கு உரியது அன்று என்பது எனக்கு விளங்கியது. மூன்றாண்டுக் குழப்பம் பத்து நிமிடத்தில் தீர்ந்தது.

இன்னொரு நாள் பழைய நாட்காட்டி அட்டையில் 13 அங்குலப் பக்கமுள்ள ஒரு சதுரம் வெட்டி வரச் சொன்னார். பக்கத்தைப் பத்தும் மூன்றுமாகப் பிரித்துக் கோடு போட்டோம். பத்தின் வர்க்கம் 100, மூன்றின் வர்க்கம் 9, கூட்டினால் 109. ஆனால் பதின்மூன்றின் வர்க்கம் 169. காணாமற்போன 60 எங்கே? அட்டையைப் பார்த்தால் பத்துக்கு மூன்றான இரண்டு நீள்சதுரங்கள், பக்கத்துக்கு ஒன்றாக, முப்பதும் முப்பதுமாகக் கிடந்தன. இரண்டு எண்களின் கூடுதலை வர்க்கப்படுத்தும் வாய்பாட்டில் நான் எப்போதும் மறந்துவந்த நடு உறுப்பு அதுதான். கையால் வெட்டிய பின் அதை நான் மறந்ததில்லை.

முதல் ஆசிரியரும் உழைப்பாளியே. பாடத்தை முடித்தாக வேண்டிய நெருக்கடியில் இருந்தவர். இரு முறைகளுக்கும் இடையே இருந்த பெரிய வேறுபாடு ‘எப்படி வந்தது?’ என்னும் ஒரு கேள்விதான். பிள்ளையின் தவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தைக் கேட்டறிந்து, அதற்கேற்பப் பாடத்தை மாற்றிக்கொள்ளும் கற்பித்தல் மாணவர் தேர்ச்சியை உயர்த்தும் என்பதை, 1998இல் இங்கிலாந்தின் பால் பிளாக், டிலன் வில்லியம் என்னும் அறிஞர் இருவர் பல ஆய்வுகளைத் தொகுத்து எடுத்துக்காட்டினர்.

தமிழ்நாட்டின் முயற்சிகள்

பத்தாம் வகுப்பு வரை கணிதம் எல்லா மாணவருக்கும் கட்டாயப் பாடமாக வேண்டும் என்று பரிந்துரைத்தது 1964–66ஆம் ஆண்டுகளின் கோத்தாரிக் கல்விக் குழு. எல்லாருக்கும் கணிதம் என்றால், எல்லாருக்கும் புரியும் முறையும் வேண்டும் அன்றோ? அத்திசையில் தமிழ்நாடு பல அடிகள் எடுத்து வைத்துள்ளது.

ஆந்திரத்து ரிஷிவேலியில் உருவான அட்டை முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007–08இல் அது மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. 2010–11இல் சமச்சீர்க் கல்வி முதலாம், ஆறாம் வகுப்புகளில் தொடங்கி, அடுத்த ஆண்டு பிற வகுப்புகளுக்கும் வந்தது. 2018–19 முதல் புதிய பாடநூல்கள் வந்தன. தொடக்க வகுப்புகளுக்காக 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது.

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். அட்டையும் விளையாட்டும் செயலும் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. ஒன்பதில் கால் வைத்ததும் பரீட்சை வந்து எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கணக்கு மிகவும் அருவமாகும் அதே இடத்தில் கையால் தொட்டுக் கற்கும் வழி அடைபடுகிறது.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காகக் கணிதம் கற்பித்தலை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஆர். இராமானுஜம் அவர்கள். அக்குழு நான்கு குறைகளைச் சுட்டியது: பிள்ளைகளிடம் அச்சமும் தோல்வி உணர்வும், திறன் மிக்க சிலரையும் ஒதுங்கி நிற்கும் பலரையும் ஒருங்கே ஏமாற்றும் பாடத்திட்டம், முரட்டுத்தனமான தேர்வு முறை, ஆசிரியருக்குப் போதிய பயிற்சியும் துணையும் இன்மை. இந்நான்கில் ஒன்றுகூடப் பிள்ளையின் மூளையைக் குறை சொல்லவில்லை என்பது நோக்கத்தக்கது.

திட்டங்களுக்கு வெளியேயும் நல்லாசிரியர் இருந்தனர். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பணியாற்றிய பி. கே. சீனிவாசன் அவர்கள் கணித மன்றம், கணிதக் கண்காட்சி, காகித மடிப்பு ஆகியவற்றால் பள்ளிக் கணக்கை மகிழ்ச்சியாக்கியவர். கணிதமேதை இராமானுஜன் பற்றிய கடிதங்களையும் நினைவுகளையும் தொகுத்தவரும் அவரே. 1993இல் இராயபுரத்தில் தொடங்கிய இராமானுஜன் அருங்காட்சியகம் அவர் பெயரை இன்றும் சொல்லும். 2005இல் மறையும்வரை அவர் ஆசிரியராகவே வாழ்ந்தார்.

ஒரு மறுப்பும் விடையும்

‘நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அட்டை வெட்ட நேரம் ஏது? பயிற்சி இல்லாமல் கணக்கு வருமா?’ என்று சிலர் வினவலாம். நியாயமான கேள்வியே. எல்லாவற்றையும் பிள்ளை தானே கண்டுபிடிக்க வேண்டும் என்பதும் சரியன்று. ஆஸ்திரேலியாவின் ஜான் சுவெல்லர், கூப்பர் ஆகியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வு, இயற்கணிதம் தொடங்கும் மாணவர், தாமே திணறிப் போடுவதைவிட, முழுமையாகப் போட்டுக்காட்டிய கணக்குகளைக் கருத்தூன்றிப் படிப்பதால் விரைவாகக் கற்பதைக் காட்டியது. ஆகவே கரும்பலகைக் கணக்கும் வேண்டும், வாய்பாடும் வேண்டும். என் அம்மாவுக்குப் பெருக்கல் வாய்பாடு மனத்தில் இல்லையென்றால், இலை வெட்டிக்கொண்டே கூலி சொல்ல இயலுமா? மனப்பாடம் பொருளுக்குப் பின் வர வேண்டும். பொருளின் இடத்தில் வரக்கூடாது. இதுவே என் துணிபு.

அண்ணனின் மூலைமட்டம்

என் அண்ணன் பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தோற்றான். துணைத் தேர்வுக்குப் பணம் கட்டியும் போகவில்லை. ‘எனக்கு அது வராது’ என்று சொல்லிவிட்டுக் கேரளத்துக்குக் கட்டட வேலைக்குப் போனான். எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை முதலில் மிதிக்க வேண்டியவன் அவன். அந்த முறை எனக்கு வந்தது.

சென்ற பொங்கலுக்கு வந்தபோது, வீட்டின் பின்புறம் சிறிய குளியலறை கட்ட அடித்தளம் குறித்தான். மூலை சரியாக வர வேண்டும். ஒரு பக்கம் நூலில் மூன்று அடி அளந்து குறியிட்டான். மறுபக்கம் நான்கு அடி. இரு குறிகளுக்கும் இடையே சரியாக ஐந்து அடி வரும்வரை நூலை நகர்த்தினான். வந்ததும், “மூலைமட்டம் சரியா இருக்கு” என்றான்.

நான் என் பழைய பத்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துவந்து பிதாகரஸ் தேற்றத்தைக் காட்டினேன். மூன்றின் வர்க்கம் 9, நான்கின் வர்க்கம் 16; கூட்டினால் 25, அது ஐந்தின் வர்க்கம். படத்தை நெடுநேரம் பார்த்தான்.

“இதைத்தானாட்டி அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல சொன்னாங்க?” என்று கேட்டான். நான் தலையசைத்தேன். மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் நூலைச் சுற்றத் தொடங்கினான்.

அதன்பின் அவன் கேட்ட ஒரே கேள்வி, அந்தத் துணைத் தேர்வை இப்போதும் எழுதலாமா என்பதுதான். தனித்தேர்வராக எழுதலாம் என்றேன். இப்போது வாரம் ஒருமுறை தொலைபேசியில் கணக்குக் கேட்கிறான். கட்டடத்தில் தொடங்கிப் புத்தகத்துக்கு வருகிறோம். எழுதுவான் என்றே நம்புகிறேன்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து, உயர்நிலை வகுப்புக் கணித ஆசிரியர் கைக்கொள்ளத்தக்கவையாக எனக்குத் தோன்றுவன இவை:

1. புதிய கருத்தைப் பிள்ளை அறிந்த கூலி, கடன், நிலம், வலை, பனை ஆகியவற்றில் தொடங்கி, அங்கிருந்து குறியீட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தெருவிலேயே நின்றுவிடவும் கூடாது.

2. தவறான விடைக்கு முன்னால் ‘எப்படி வந்தது?’ என்று ஒருமுறையேனும் கேட்க வேண்டும்.

3. விடை வந்ததும் அது நடக்கக்கூடியதா என்று மதிப்பிடும் பழக்கத்தை ஊட்ட வேண்டும்.

4. போட்டுக்காட்டிய கணக்கு, கைவேலை, வாய்பாடு ஆகிய மூன்றையும் அதனதன் இடத்தில் பயன்படுத்த வேண்டும்.

5. நன்கு அறிந்த மாணவர் பிறருக்குச் சொல்லித்தர இடமளிக்க வேண்டும். இது நம் மண்ணிலிருந்து உலகுக்குச் சென்ற முறையன்றோ!

இவற்றுள் எதற்கும் பெரும் பொருள் வேண்டியதில்லை. பழைய நாட்காட்டி அட்டையும், ஒரு முழ நூலும், சிறிது பொறுமையும் போதும்.

அன்பு மாணவத் தோழர்களே! நம்முள் பலர் நாளை ஆசிரியப் பயிற்சிக்குச் செல்வோம். நம் ஊர்ப் பள்ளிகளிலேயே கரும்பலகை முன் நிற்போம். அப்போது கடைசிப் பெஞ்சில் ஒரு பிள்ளை தலை குனிந்து உட்கார்ந்திருக்கும். அப்பிள்ளையின் வீட்டில் ஒரு தாய் மனத்திலேயே விகிதக் கணக்குப் போடுபவளாக இருக்கலாம். ஓர் அண்ணன் நூலால் செங்கோணம் பிடிப்பவனாக இருக்கலாம். ‘உனக்குக் கணக்கு வராது’ என்று சொல்லுமுன் அவர்களை நாம் நினைத்துப் பார்ப்போமாக!